21 மாத்திரை, 7 நாள் இடைவெளி

2025 ஜூலை 3, வியாழன்

விடியற்காலை நான்கரை மணிக்கு அடிவயிற்றில் பிடிப்பு தொடங்கியது; ஆறு மணிக்கு இரத்தம் கண்டது. இடுப்பிலிருந்து தொடை வரை கடுத்தது, இரண்டு முறை வயிற்றுப்போக்கு, ஒரு முறை வாந்தி. அம்மா கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தார். சூடு பட்ட இடத்தில் தசை சற்றுத் தளர்ந்தது உண்மை. ஆனாலும் பள்ளிக்கு விடுப்பு எடுக்க மனமின்றிப் பாம்பனிலிருந்து மண்டபத்துக்குப் பேருந்து ஏறினேன். சாலைப் பாலத்தின் ஒவ்வோர் இணைப்பிலும் சக்கரம் தட்டும்போது பற்களைக் கடித்துக்கொண்டு, எதிரிருக்கைக் கம்பியைப் பிடித்தபடி நின்றேன்.

ஆறு ஆண்டுகளாக மாதவிடாய்ச் சுழற்சியைக் கரும்பலகையில் வரைந்து பாடம் நடத்துகிறேன். நான் வரையும் அந்த 28 நாள் வரைபடத்தில் வலிக்கு ஒரு கோடுகூட இருந்ததில்லை என்பது இன்றுதான் உறைத்தது.

ஜூலை 4, வெள்ளி

வலி பாதியாகிவிட்டதால் உட்கார்ந்து படிக்க முடிந்தது. கருமுட்டை வெளியேறிய பிறகு, அது இருந்த இடத்தில் உருவாகும் மஞ்சள் உடலம் புரோஜெஸ்ட்டிரோனைச் சுரக்கிறது. கரு தங்காவிட்டால் மஞ்சள் உடலம் சுருங்கிப்போகிறது, புரோஜெஸ்ட்டிரோன் சரிகிறது. அந்தச் சரிவே வலியின் தொடக்கம். கருப்பை உட்சவ்வின் செல்கள் தம் கொழுப்புப் படலத்திலிருந்து அராகிடோனிக் அமிலத்தை விடுவிக்கின்றன. அதைக் காக்ஸ் என்னும் நொதி புரோஸ்டாகிளாண்டினாக மாற்றுகிறது. இந்தப் பொருள்தான் கருப்பைத் தசையை முறுக்குகிறது, இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, வலி நரம்புகளையும் கூர்மையாக்கிவிடுகிறது. அருகிலுள்ள குடலையும் அது விட்டுவைப்பதில்லை என்பதால், நேற்றைய வயிற்றுப்போக்குக்கு முந்தின இரவு சாப்பிட்ட நண்டுக் குழம்பின் மேல் பழி போட்டது தவறு.

குழாய்கள் சுருங்குவதை ஒருவர் கண்ணாலேயே பார்த்திருக்கிறார். 1940இல் மார்க்கி என்ற ஆய்வாளர், ரீசஸ் குரங்குகளின் உட்சவ்வுத் துணுக்குகளை அவற்றின் கண்ணின் முன்னறையில் பதித்து, இரத்தப்போக்குக்கு முன் சுருள் தமனிகள் இறுகுவதை விழியின் வழியாகவே பதிவு செய்தார். 1957இல் பிக்கிள்ஸ் என்ற ஆய்வாளர், மாதவிடாய் நீர்மத்தில் தசையைச் சுருக்கும் ஒரு பொருள் இருப்பதைக் காட்டினார். அது புரோஸ்டாகிளாண்டின் என்பது பின்னால் தெரிந்தது. 1935இல் அதற்குப் பெயரிட்ட வான் ஆய்லர், விந்து நீர்மத்தில் அதைக் கண்டு, புராஸ்டேட் சுரப்பியில் ஊறுவதாக எண்ணினார். பெண்களின் வலிக்குக் காரணமான பொருள், ஆண்களின் சுரப்பி ஒன்றின் பெயரைத் தவறுதலாகச் சுமந்துகொண்டு திரிகிறது.

ஜூலை 7, திங்கள்

பள்ளி முடிந்ததும் அம்மாவோடு இராமநாதபுரத்தில் ஒரு மகப்பேறு மருத்துவரைப் பார்த்தேன். ஸ்கேனில் கட்டி எதுவும் இல்லை. ஸ்கேனில் தெரியாத எண்டோமெட்ரியோசிஸ் (உட்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது) இருக்கலாம் என்பதால், மருந்துக்கு வலி கேட்காவிட்டால் மீண்டும் வரச் சொன்னார். இரத்த அழுத்தம் 110/70 இருந்தது. கடும் வலியுள்ளவர்களின் கருப்பை இறுகும்போது உள்ளழுத்தம் 150 மில்லிமீட்டர் பாதரசத்தையும் தாண்டலாம் என்று படித்திருந்தேன்; என் தமனியே 110இல் தள்ளும் இரத்தம் அந்த நேரத்தில் கருப்பைச் சுவருக்குள் எப்படிப் போகும்? இரத்தமின்றித் தவிக்கும் தசையின் அலறலைத்தான் நாங்கள் வீட்டில் "சூட்டு வலி" என்கிறோம்.

இதுவரை நான் மெபனாமிக் அமிலம் என்னும் வலி மாத்திரையைத் தாங்க முடியாத கட்டத்தில் மட்டும் போட்டுவந்தேன். அதுதான் பிழை என்றார் மருத்துவர். அது காக்ஸ் நொதியைத் தடுக்கிறது. ஏற்கெனவே உருவாகிவிட்ட புரோஸ்டாகிளாண்டினை அழிப்பதில்லை. ஆகவே வலி அரும்பும்போதே, சாப்பிட்ட பின் போட வேண்டும். ஆஸ்பிரின் வகை மருந்துகள் இப்படித்தான் வேலை செய்கின்றன என்று 1971இல் காட்டிய ஜான் வேன், 1982இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அதையும் மீறி எட்டு ஆண்டுகளாக வலிப்பதால், லெவோநார்ஜெஸ்ட்ரல் என்னும் புரோஜெஸ்ட்டின் (புரோஜெஸ்ட்டிரோன் போன்ற செயற்கை ஹார்மோன்) 150 மைக்ரோகிராமும் எத்தினைல் எஸ்ட்ராடயால் என்னும் எஸ்ட்ரோஜன் 30 மைக்ரோகிராமும் சேர்ந்த மாத்திரையை எழுதிக் கொடுத்தார். அதற்கு முன், புகைப் பழக்கம், கால் சிரையில் இரத்தக்கட்டு, தலைவலி வருமுன் கண்ணில் மின்னல் அடிப்பது, காசநோய் மருந்து என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அம்மாவுக்கு அந்தக் கேள்விகள் எதுவும் காதில் ஏறவில்லை. "கல்யாணம் ஆகாத பிள்ளைக்குக் கர்ப்பத்தடை மாத்திரையா?" என்று மட்டும் மெல்லக் கேட்டார். மருந்துக் கடைக்காரரும் அதைச் செய்தித்தாளில் இரண்டு மடிப்பு சுற்றித்தான் நீட்டினார். இந்த வகை மாத்திரை அமெரிக்காவில் 1957இல் முதலில் ஒப்புதல் பெற்றது மாதவிடாய்க் கோளாறுகளுக்குத்தான், கருத்தடைக்கு ஒப்புதல் கிடைத்தது 1960இல்தான் என்று பேருந்தில் சொல்லிப் பார்த்தேன். அம்மா ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

இரவு முதல் மாத்திரை.

ஜூலை 18, வெள்ளி

குமட்டல் நின்றுவிட்டது. மூன்று நாட்களாகப் பழுப்பு நிறத்தில் லேசான கசிவு. முதல் சில மாதங்களில் இது வழக்கம்தான்: தடிக்காத சவ்வின் நுண்குழாய்கள் நிலையின்றி ஆங்காங்கே கசிகின்றன.

ஜூலை 25, வெள்ளி

நேற்று ஆடி அமாவாசை. இராமேசுவரம் செல்லும் வாகனங்களால் பாலம் நிறைந்துவிட்டது. இன்று மாலை அண்ணன் மனைவி கடற்பாசி எடுத்துவிட்டுத் திரும்பும்போது வீட்டுக்கு வந்தார். நீர் நன்றாக வற்றும் அமாவாசை, பௌர்ணமி நாட்களையே அவர் நம்பியிருக்கிறார். விரல்களில் சுற்றியிருந்த துணியைப் பிரித்துப் போட்டபோது, பாறையில் கீறிய இடங்கள் உப்பில் ஊறி வெளுத்திருந்தன. இந்த முறை விலக்கு சரியாக அந்த நாட்களில் வந்துவிட்டது. "மூணு துணி மாத்தியும் நிக்கல டீச்சர், தண்ணிக்குள்ள இறங்கவே கூசுது" என்றார்.

பிரசவத்தோடு வைத்த காப்பர் டி அவருக்கு. செம்பு கருப்பைக்குள் சிறு அழற்சியை உண்டாக்கி விந்தணுக்களை முடக்குகிறது. அதே அழற்சி புரோஸ்டாகிளாண்டினையும் கூட்டுவதால் சிலருக்கு இரத்தமும் வலியும் பெருகுகின்றன. பலருக்கு மூன்று முதல் ஆறு மாதங்களில் தணியும். மதினிக்குப் பதினான்கு மாதங்கள் ஆகியும் தணியவில்லை. பொதுவாக ஒரு மாதவிடாயில் போவது 30 முதல் 40 மில்லிலிட்டர். 80ஐத் தாண்டினால் அது மிகைப் போக்கு. கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், வெளிறியிருந்தது. எனக்கு இரத்தத்தைக் குறைக்கப்போவதும் கருத்தடைதான், அவருக்குக் கூட்டியதும் கருத்தடைதான். இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்துவிட்டு ஒரே மாதிரி அஞ்சுவதில் பொருளில்லை.

ஜூலை 31, வியாழன்

ஞாயிறோடு 21 மாத்திரைகள் முடிந்தன. நேற்று இரவு இரத்தம் கண்டது, மிகக் குறைவு. வலி இருக்கிறது, ஆனால் இலேசான கனம் போல; வரப்போகிறது என்று பயந்து பயந்து காத்திருந்தவளுக்கு அது சற்று ஏமாற்றமாகக்கூட இருந்தது என்றால் நம்புவார்களா?

ஆகஸ்ட் 3, ஞாயிறு

அம்மா இரண்டு நாட்களாக மனத்தில் வைத்திருந்ததை இன்று உளுந்தங்களி கிண்டும்போது கேட்டுவிட்டார்: "மிச்ச ரத்தமெல்லாம் உள்ளேயே தங்கிப்போச்சா?" ஊரில் எல்லாருக்கும் இருக்கும் அச்சம் இது. கெட்ட இரத்தம் மாதம் ஒருமுறை வெளியேறாவிட்டால் கட்டியாகும் என்பார்கள்.

வெளியேறுவது உடலெங்கும் சேர்ந்த அழுக்கன்று. கருவுக்காக அந்த மாதம் வளர்ந்த சவ்வும், அதன் குழாய்களில் ஓடிய இரத்தமும்தான். கருமுட்டையை வெளியேற்றச் சொல்லி மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரியிலிருந்து வரும் ஆணையை மாத்திரை நிறுத்திவிடுகிறது; முட்டை வெளியேறாததால் மஞ்சள் உடலமும் இல்லை; மாத்திரையிலுள்ள புரோஜெஸ்ட்டின் சவ்வைத் தடிக்கவிடுவதுமில்லை. சவ்வு மெலிந்திருந்தால் புரோஸ்டாகிளாண்டின் செய்யும் பட்டறையே சிறுத்துவிடுகிறது. ஆகவே தங்கிப்போக எதுவும் இல்லை, உருவாகவே இல்லை. "களி கிண்டாத சட்டியில் சுரண்ட என்ன இருக்கும்மா?" என்றேன். அகப்பையை நிறுத்திவிட்டுச் சட்டியை ஒரு கணம் பார்த்தார்.

இந்த ஏழு நாள் இடைவெளியில் வரும் இரத்தம் உண்மையான மாதவிடாயும் அன்று, மருந்து நின்றதால் வரும் போக்கு மட்டுமே. 2003இல் 84 நாட்கள் தொடர்ந்து விழுங்கும் பொதிக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. மாதாமாதம் இரத்தம் கண்டே ஆக வேண்டும் என்ற மருத்துவக் கட்டாயம் இல்லை. அரசு தரும் 'மாலா-என்' என்ற கருத்தடை மாத்திரைப் பொதியில் இந்த ஏழு நாட்களுக்கும் இரும்புச்சத்து மாத்திரை வைத்திருக்கிறார்கள். நம் பக்கத்துப் பெண்களுக்கு அது பொருத்தமான யோசனை என்றே தோன்றுகிறது. பின்னால் பிள்ளை பிறக்குமா என்றும் அம்மா கேட்டார். நிறுத்தினால் பெரும்பாலானோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ முட்டை வெளியேறுவது திரும்பிவிடும் என்றேன்.

ஆகஸ்ட் 13, புதன்

மதினியை நேற்று முன்தினம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனேன். ஹீமோகுளோபின் 8.9. 'மாலா-என்' கேட்கலாம் என்றுதான் நினைத்துப் போனோம். ஆனால் தலைவலிக்கு முன் கண்ணில் மின்னல் அடிக்குமா என்று நர்சம்மா கேட்டதும், "வளைஞ்சு வளைஞ்சு வெளிச்சம் வரும், அப்புறந்தான் மண்டை இடிக்கும்" என்றார் மதினி. அத்தனை ஆண்டுகளில் அவர் அதை எங்களிடம் சொன்னதே இல்லை. அப்படிப்பட்டவர்கள் எஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரை சாப்பிட்டால் பக்கவாத அபாயம் கூடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் 'அந்தரா' என்ற கருத்தடை ஊசியில் எஸ்ட்ரோஜன் இல்லை, ஆனால் முதல் மாதங்களில் இரத்தம் எப்போது கசியும் என்று சொல்ல முடியாது என்பதால் கடலுக்குள் இறங்குகிறவர் தயங்கினார். கடைசியில் தேர்ந்தது 'சாயா' என்ற கருத்தடை மாத்திரை. இலக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய இந்த மாத்திரையில் ஹார்மோனே கிடையாது. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. விலக்கு சில நேரம் தள்ளிப்போகும், போக்கும் குறையலாம்.

அன்றே காப்பர் டியை எடுத்துவிட்டார்கள். இம்முறை முன்னதாகவே வந்துவிட்ட விலக்கின் முதல் நாளாகவும் இருந்ததால் அன்றே தொடக்கம்: திங்களும் வியாழனும். அண்ணன் வீட்டு நாட்காட்டியில் நீர் வற்றும் நாட்களுக்கு நீல மையில் வட்டம் போட்டிருப்பார். அவற்றுக்கு நடுவே சிவப்புப் பென்சிலில் திங்கள், வியாழன் தோறும் புள்ளி வைத்துக் கொடுத்தேன். இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு போடக் கூடாது என்பதையும் ஓரத்தில் எழுதினேன். நாளை வியாழன்.