ஸ்டிக்கர் விலைக்கு ஒரு கொர்வெட்

ஷெவர்லேயின் கொர்வெட் ஸ்போர்ட்ஸ் காரில் வேகமான வகை இசட்-06. அமெரிக்காவில் ஷெவர்லே டீலரிடம் போய் "கொர்வெட் இசட்-06 என்ன விலை?" என்று கேட்பவர் அங்கேயே பாதி தோற்றுவிட்டார். கேட்க வேண்டியவை வேறு இரண்டு: "போன மாடல் ஆண்டில் உங்களுக்கு எத்தனை இசட்-06 ஒதுக்கீடு வந்தது? உங்கள் பட்டியலில் என் எண் என்ன?" இவற்றுக்கு எண்ணாகவே பதில் சொல்லும் டீலரிடம் மேற்கொண்டு பேசலாம். "வரும் சார், வந்ததும் கூப்பிடுகிறோம்" என்றால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டலாம்.

வாங்குவது காரை அல்ல, வரிசையில் ஓர் இடத்தை. இது புரியாமல் வண்ணத்தையும் இருக்கைத் தோலையும் பற்றி மாதக்கணக்கில் யோசித்தவர்கள்தான் கடைசியில் ஐம்பதாயிரம் டாலர் கூடுதலாகக் கொடுத்தார்கள், அல்லது கோபத்தோடு திரும்பினார்கள்.

2022 ஜூலையில் அறிவித்த ஆரம்ப விலை 106,395 டாலர். 5.5 லிட்டர் வி8, 670 குதிரைத் திறன், நிமிடத்துக்கு 8,600 சுற்று வரை போகும் எஞ்சின். அந்த விலையில் இப்படி ஒன்று வேறெங்கும் கிடைக்காது என்பதால் வரிசை நீண்டதில் ஆச்சரியமில்லை. ஆனால் கென்டக்கி மாநிலத்தின் பவுலிங் கிரீன் ஆலை ஒன்றில்தான் எல்லாக் கொர்வெட்டும் தயாராகிறது. 2023 மாடல் ஆண்டில் அங்கே செய்த ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகளில் இசட்-06 ஆறாயிரத்துச் சொச்சம்தான்.

விலை ஏறுவதற்குக் காரணம் பற்றாக்குறை மட்டுமல்ல. ஷெவர்லேயின் தாய் நிறுவனமான ஜிஎம் காரை உங்களுக்கு விற்பதில்லை, டீலருக்கு விற்கிறது. அந்த டீலரைத் தாண்டி நேரடியாக விற்க மாநிலங்களின் டீலர் உரிமைச் சட்டங்கள் விடுவதில்லை. அதனால்தான் நிறுவனம் போடும் விலைக்கு எம்எஸ்ஆர்பி, அதாவது தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் சில்லறை விலை, என்று பெயர். அதில் வரும் 'எஸ்' (சஜஸ்டட்) பரிந்துரையைக் குறிக்கிறது, கட்டளையை அல்ல. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி புதிய காரின் கண்ணாடியில் அந்த விலை ஸ்டிக்கர் ஒட்டியிருக்க வேண்டும். செனட்டர் மன்ரோனி கொண்டுவந்த சட்டம் என்பதால் ஸ்டிக்கருக்கே மன்ரோனி என்று பெயர். அதன் பக்கத்தில் டீலர் ஒட்டும் இரண்டாவது தாளை அந்தச் சட்டம் தடுப்பதில்லை. டயரில் நைட்ரஜன், பெயின்ட் பாதுகாப்புப் பூச்சு, கண்ணாடியில் எண் பொறித்தல், கடைசி வரியில் 'மார்க்கெட் அட்ஜஸ்ட்மென்ட்'. இந்தக் கடைசி வரியை ஏடிஎம் (அடிஷனல் டீலர் மார்க்அப், டீலர் மேலே ஏற்றும் தொகை) என்பார்கள். நம் ஊரில் ஏடிஎம்மில் நாம் பணம் எடுப்போம், இங்கே அவர்கள் எடுப்பார்கள்.

இதற்கெதிராக மத்திய அரசு வரும் என்று காத்திருக்க வேண்டாம். டீலர்களின் மறைமுகக் கட்டணங்களைக் கட்டுப்படுத்த மத்திய வர்த்தக ஆணையம் 2023 டிசம்பரில் இறுதி செய்த விதியை, 2025 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

கூடுதல் தொகை அதோடு நிற்பதுமில்லை. ஸ்டிக்கர் 130,000, ஏடிஎம் 40,000 என்று வையுங்கள். டெக்சஸில் விற்பனை வரி 6.25 சதவீதம், அந்த நாற்பதாயிரத்துக்கு மட்டும் 2,500 டாலர் வரி. கடன் கொடுப்பவர்கள் பெரும்பாலும் ஸ்டிக்கர் விலையை வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள், மேலே உள்ளது கையிலிருந்து ரொக்கமாகப் போகக்கூடும். வண்டி விபத்தில் முழுதாகப் போனால் காப்பீடு தருவது அன்றைய சந்தை மதிப்பு, நீங்கள் கொடுத்த விலை அல்ல. ஆனால் ஸ்டிக்கருக்குள்ளேயே இருக்கும் போக்குவரத்துக் கட்டணத்தையும், அதிக எரிபொருள் குடிக்கும் காருக்கான மத்திய வரியையும் டீலரின் தந்திரம் என்று நினைத்துச் சண்டை போட வேண்டாம், அவை நியாயமானவை. ஆவணக் கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிபோர்னியாவில் 85 டாலர்தான் உச்சம், ஃப்ளோரிடாவில் உச்சவரம்பே இல்லை. இதை முதல் பேச்சிலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி பட்டியல். ஒரு டீலருக்கு எத்தனை ஒதுக்கீடு என்பது அவர் முன்பு எத்தனை கொர்வெட் விற்றார் என்பதைப் பொறுத்தது. நிறைய விற்கும் கடைகளுக்கு நிறைய வரும், ஸ்டிக்கர் விலைக்கே தருவார்கள், ஆனால் பட்டியல் வருடக்கணக்கில் நீளும். சிற்றூர்க் கடைக்கு ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோதான், அதை உள்ளூர்ப் பழைய வாடிக்கையாளருக்கு வைத்திருப்பார்கள். ஒரே கடையை நம்பாமல் மூன்று நான்கு இடங்களில், வேறு மாநிலங்களிலும், பெயர் கொடுப்பதே வழி. எல்லோரும் இதையே செய்வதால் பட்டியலில் நாற்பதாவது எண் என்பது உண்மையில் நாற்பதாவது அல்ல. முறை வரும்போது முன்னால் இருப்பவர்கள் பலர் வேறெங்கோ எடுத்திருப்பார்கள். வெளிமாநிலத்தில் எடுத்தால் வரியைச் சொந்த மாநிலத்தில் பதிவு செய்யும்போது கட்டுவது வழக்கம். மூடிய டிரெய்லரில் கொண்டுவரும் செலவைச் சேர்த்தாலும் ஏடிஎம்முக்கு முன்னால் அது ஒன்றுமில்லை.

முன்பணம் கொடுக்கும்போது மின்னஞ்சலில் நான்கு விஷயம் எழுத்தில் வர வேண்டும். விற்பனை விலை ஜிஎம் ஸ்டிக்கர் விலையே, மார்க்கெட் அட்ஜஸ்ட்மென்ட் இல்லை. டீலர் பொருத்தும் துணைப்பொருள் எதுவும் கட்டாயமில்லை. முன்பணம் எந்த நேரத்திலும் முழுதாகத் திரும்பக் கிடைக்கும். நடுவில் நிறுவனம் விலையை ஏற்றினால் எந்தத் தேதியின் விலை. இந்தக் கடைசி விஷயத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இசட்-06 விலை முதல் மாடல் ஆண்டு முடிவதற்குள்ளேயே ஏறியது. கடிதத்தில் கையெழுத்து பொது மேலாளருடையதாக இருக்கட்டும். விற்பனையாளர் ஆறு மாதத்தில் வேறு கடைக்குப் போய்விடுவார், அவர் வாய்ச்சொல்லும் கூடவே போய்விடும். நான் ஓரிடத்தில் கொடுத்த முன்பணத்தின் ரசீதில் 'திரும்பத் தரப்படும்' என்ற சொல்லே இல்லை. கேட்ட பிறகுதான் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். கேட்டால் எழுதுவார்கள், கேட்காவிட்டால் மாட்டார்கள்.

ஆர்டர் போட்டதும் ஜிஎம் ஆர்டர் அமைப்பிலிருந்து அச்செடுத்த தாளைக் கேளுங்கள். அதில் ஆர்டர் வகை எஸ்ஆர்இ என்று இருக்க வேண்டும். வாடிக்கையாளருக்கு விற்ற வண்டி என்று பொருள். டிஆர்இ என்று இருந்தால் அது கடையின் சொந்த ஸ்டாக், உங்கள் பெயர் அதில் எங்கும் இல்லை. தாளில் உள்ள ஆர்டர் எண்ணை வைத்துக்கொண்டால் டீலரை நச்சரிக்காமல் ஷெவர்லே வாடிக்கையாளர் சேவையிடமே வண்டி எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்கலாம். அவர்கள் சொல்வது நான்கு இலக்க எண்.

அந்த எண்களில்தான் மொத்த ஏமாற்றமும் ஒளிந்திருக்கிறது. 1100 என்றால் டீலர் உங்கள் ஆர்டரைக் கணினியில் ஏற்றியிருக்கிறார், அவ்வளவுதான். அதற்கு ஒதுக்கீடு தேவையே இல்லை. ஒரு வண்டி வரப்போகும் கடை இருநூறு பேருக்கு 1100 போட்டுத் தரலாம், எல்லோரும் வீட்டில் கேக் வெட்டிக் கொண்டாடலாம். 2000 வந்தால்தான் ஜிஎம் ஆர்டரை எடுத்துக்கொண்டது, ஓர் ஒதுக்கீடு உங்கள் பெயரோடு சேர்ந்தது. 3000 என்றால் உற்பத்திப் பிரிவும் ஏற்றுக்கொண்டது. இதற்குப் பிறகு நிறத்தை மாற்றுகிறேன், சக்கரத்தை மாற்றுகிறேன் என்று போகாதீர்கள். 3300இல் எந்த வாரம் செய்யப்போகிறார்கள் என்பது தெரியும், அது தள்ளிப்போவதும் உண்டு. 3400இல் ஆர்டர் ஆலைக்குப் போய்விட்டது. 3800 என்றால் செய்து முடித்தாயிற்று. 4200 என்றால் லாரி ஏறிவிட்டது, 5000 என்றால் கடைக்கு வந்துவிட்டது. 3800க்கும் 4200க்கும் நடுவே வாரக்கணக்கில் நகராமல் நின்றால் பெரும்பாலும் தரச் சோதனைக்காக நிறுத்தியிருப்பார்கள். அதற்கு டீலரைத் திட்டிப் பயனில்லை, அவருக்கும் காரணம் சொல்ல மாட்டார்கள்.

ஒதுக்கீடு இருந்தும் 1100இலேயே கிடக்கும் வண்டிகள் உண்டு. காரணம், பாகங்களின் தட்டுப்பாடு. 2023 மாடலில் 8,995 டாலர் கூடுதலாகக் கொடுத்து எடுக்க வேண்டியிருந்த இசட்-07 தொகுப்பில் கார்பன் செராமிக் பிரேக்கும் மிஷெலின் கப் 2 ஆர் டயரும் வரும். அதை எடுத்தால் கார்பன் ஃபைபர் ஏரோ பாகங்களையும் கூடவே எடுக்க வேண்டும். கார்பன் ஃபைபர் சக்கரம் வேண்டுமென்றால் அதற்குத் தனியாக, அப்போது 9,995 டாலர் முதல். இவை சப்ளையரிடமிருந்து அளவோடுதான் வரும். ஆகவே டீலருக்கு வண்டி ஒதுக்கீடு ஒன்று, இந்தப் பாகங்களுக்கான ஒதுக்கீடு வேறொன்று. முதலாவது இருந்து இரண்டாவது இல்லையென்றால் உங்கள் ஆர்டரைத் தாண்டி, பட்டியலில் உங்களுக்குப் பின்னால் இருப்பவரின் எளிமையான ஆர்டர் முன்னேறிவிடும். வண்டி முக்கியமா, சக்கரம் முக்கியமா என்று முன்பே முடிவு செய்து, "இந்தப் பாகம் இல்லாவிட்டால் அதை நீக்கிவிட்டு அனுப்புங்கள்" என்று மாற்று ஏற்பாட்டையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். வட மாநிலத்தில் குளிர்காலத்தில் வண்டி வரக்கூடும் என்றால் கப் 2 ஆர் டயரைப் பற்றி இரண்டு தடவை யோசிக்கலாம். கோடைக்கால ரப்பர் அது; கடுங்குளிரில் வெடிப்பு விடும்.

இத்தனைக்கும் நடுவே நிறுவனம் என்ன செய்தது? 2022இல் ஜிஎம் டீலர்களுக்குக் கடிதம் எழுதியது. முன்பதிவு செய்தவர்களிடம் கூடுதல் பணம் கேட்டால் வண்டிகளை வேறு கடைக்குத் திருப்புவோம் என்று ஆண்டின் தொடக்கத்தில் ஒன்று. இசட்-06, எஸ்கலேடு-வி, ஹம்மர் மின்வண்டி ஆகியவற்றை எடுத்து 12 மாதத்துக்குள் விற்பவருக்கு இனி இப்படிப்பட்ட வண்டி இல்லை, அவரிடம் வாங்குபவருக்குச் சில வாரண்டிகள் செல்லாது என்று பிறகு ஒன்று. ஓராண்டு வைத்திருக்கும் 2023 இசட்-06 உரிமையாளருக்கு ஐந்தாயிரம் டாலர் மதிப்புள்ள வெகுமதிப் புள்ளிகளும் அறிவித்தது. கவனித்துப் பாருங்கள்: டீலருக்கு எச்சரிக்கைக் கடிதம், வாங்குபவருக்கு வாரண்டியில் வெட்டு. கோபம் வருவது இதனால்தான். சொந்த உபயோகத்துக்கு வாங்குபவருக்கு இப்படிப்பட்ட விதியால் பெரிய கஷ்டமில்லை. வேலை போய் விற்க நேர்ந்தால்தான் கழுத்தைப் பிடிக்கும். கையெழுத்துப் போடும் தாள்களில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று தேடிப் படித்துவிடுங்கள்.

மற்ற நிறுவனங்கள் இன்னும் கறார். ஃபோர்டு ஜிடி எடுத்தவர்கள் இரண்டு ஆண்டு விற்கக் கூடாது என்று ஒப்பந்தம் இருந்தது. முன்னதாக விற்ற மல்யுத்த நட்சத்திரம் ஜான் சீனா மீது 2017இல் ஃபோர்டு வழக்கே போட்டது, அடுத்த ஆண்டு சமரசமானது. போர்ஷே, 1,963 வண்டிகள் மட்டும் செய்த 911 எஸ்/டி காரை அமெரிக்காவில் முதல் ஓராண்டுக்குக் குத்தகையாகவே கொடுத்தது. காகிதப்படி வண்டி உங்களுடையதே இல்லையென்றால் எப்படி விற்பீர்கள்? முரட்டு வழிதான், ஆனால் ஊகவணிகரைத் தடுப்பதில் கடிதத்தை விட இதற்குத்தான் வலு.

பொறுமை உள்ளவருக்கு வேறொரு வழியும் இருந்தது. 2023 தொடக்கத்தில் ஸ்டிக்கருக்கு மேல் பெருந்தொகை கேட்ட அதே இசட்-06, உற்பத்தி கூடக் கூட 2024இல் பல இடங்களில் ஸ்டிக்கர் விலைக்கே ஷோரூமில் நின்றது. பிறகு தள்ளுபடியும் வந்தது. எண்ணிக்கை வரம்பு அறிவித்துச் செய்யும் காருக்கு இது நடக்காது. ஆண்டுதோறும் தயாரிக்கும் காருக்கு முதல் பதினெட்டு மாதங்கள்தான் காய்ச்சல். ஆகவே ஏடிஎம் கொடுக்குமுன் "இந்தக் காரின் மொத்த எண்ணிக்கைக்கு வரம்பு உண்டா?" என்று மட்டும் பாருங்கள். இல்லையென்றால், கொடுக்கும் பணம் அவசரத்துக்கான விலை, காருக்கானது அல்ல.

வண்டி 5000க்கு வந்ததும் டீலருக்கு உடனே இன்னொரு மின்னஞ்சல்: முன் பம்பரில் நம்பர் பிளேட்டுக்குத் துளை போட வேண்டாம், கடையின் பெயர் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம், கழுவ வேண்டாம், யாரும் ஓட்டிப் பார்க்க வேண்டாம். கழுவும்போது கறுப்பு வண்டியில் விழும் சுழல் கீறலைப் போக்கத் தனியாகச் செலவழிக்க வேண்டிவரும்.

கடைசி எண் 6000, வாடிக்கையாளரிடம் ஒப்படைத்தாயிற்று என்பது. அந்தத் தேதியில்தான் மூன்று ஆண்டு அல்லது 36,000 மைல் வாரண்டி ஓடத் தொடங்கும். விற்ற கணக்குக் காட்டினால்தான் அடுத்த ஒதுக்கீடு என்பதால் மாதக் கடைசியில் சில கடைகள், வண்டி இன்னும் லாரியில் இருக்கும்போதே 6000 போட்டுவிடும். சாவியை வாங்குமுன் வாரண்டி தொடங்கும் தேதியைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். அன்றைய தேதி இல்லையென்றால், திருத்திய அச்சு கைக்கு வரும்வரை கடைசிக் காசோலையைக் கொடுக்க வேண்டாம்.