நான்காம் கியர் என்று நினைத்து இரண்டில் போட்டேன்

காரின் எஞ்சின் கோளாறைக் காட்டும் மஞ்சள் விளக்கு அணைந்து மூன்று வாரம் ஆகிறது. இன்னமும் சாவியைத் திருப்பியதும் கண் முதலில் மீட்டரின் அந்த மூலைக்குத்தான் போகிறது. மொத்தச் செலவு 2,385 ரிங்கிட். அதில் 460 ரிங்கிட், நான் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருந்தால் பையிலேயே இருந்திருக்கும். அந்த 460தான் உறுத்துகிறது. மற்றதை என் கைக்கு விழுந்த அபராதமாக எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை, கோலகங்சாரிலிருந்து சுங்கை சிப்புட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று நல்ல வேகத்தில் போனது. ஐந்தாம் கியரிலேயே வெளியே வந்து முந்தத் தொடங்கினேன். பாதி லாரியைத் தாண்டியபோது வேகம் 110. அந்தச் சாலைக்கு அது அதிகம் என்பது எனக்குத் தெரியும். வளைவிலிருந்து எதிரே ஒரு கார் முளைத்தது. நான்கிற்கு இறக்கினால் வண்டி கொஞ்சம் இழுக்கும் என்று கியரைப் பிடித்துக் கீழே இழுத்தேன். பதற்றத்தில் கை நடுவில் நிற்காமல் இடப்பக்கமாகத் தள்ளிப் போய்விட்டது. நான்கிற்குப் பதில் இரண்டு. கிளட்சையும் விட்டுவிட்டேன்.

யாரோ கயிறு கட்டிப் பின்னால் இழுத்தது போல காரின் மூக்கு தாழ்ந்தது. எஞ்சின் போட்ட அலறலை எப்படிச் சொல்வது, தோட்டத்தில் மரம் அறுக்கும் இயந்திரம் முடிச்சில் மாட்டினால் வருமே, அந்தச் சத்தம். எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் சிவப்பைத் தாண்டி ஓரத்துக்கே போய்விட்டது. கால் தானாகக் கிளட்சை மிதித்தது. எல்லாம் ஒரு நொடி, அல்லது ஒன்றரை. பிரேக் பிடித்து மறுபடி லாரிக்குப் பின்னால் வந்து சேர்ந்தேன். எதிரே வந்தவர் ஹார்ன் அடித்துத் திட்டிக்கொண்டே போனார். அவர்மீது தப்பில்லை.

என் காரில் ஐந்தாம் கியரில் 110 போனால் முள் நிமிடத்துக்கு 3,500 சுற்று பக்கம் நிற்கும். அதே வேகத்தில் இரண்டாம் கியர் என்றால் 8,000 பக்கம். சிவப்புக் கோடு தொடங்குவது 6,500-இல். "அதுதான் காரின் கணினி தடுக்குமே" என்று சிலர் சொல்கிறார்கள், நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். கணினி தடுப்பது நாம் பெட்ரோலை மிதித்து ஏற்றும் வேகத்தை மட்டும்; பெட்ரோலை வெட்டிவிடும், எஞ்சின் அடங்கும். இங்கே எஞ்சினைச் சுற்றியது பெட்ரோல் அல்ல, ஓடிக்கொண்டிருக்கும் சக்கரம். சக்கரத்துக்கு யார் பெட்ரோலை வெட்டுவது?

இரண்டு கிலோமீட்டர் கழித்து விளக்கு வந்தது. மிதித்தால் கண்சிமிட்டியது, காலை எடுத்தால் நிலையாக எரிந்தது. ஊருக்குள் சமிக்ஞை விளக்கில் நின்றபோது ஸ்டீயரிங் கையில் நடுங்கியது. பக்கத்து இருக்கையில் வைத்திருந்த போத்தல் தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை. பெட்ரோல் வாடை வேறு.

இங்கேதான் என் புத்தி கெட்டது. வீட்டிலிருந்து ஐந்து நிமிடத்தில், சந்தைக்குப் பின்புறம், நல்ல பட்டறை ஒன்று இருக்கிறது. அந்த அண்ணன் கையால் குணமாகாத வண்டி எங்கள் வட்டாரத்தில் குறைவு. ஆனால் அவர் அப்பாவின் நண்பர். அப்பா முப்பது ஆண்டு தோட்டத்து லாரி ஓட்டியவர்; கியர் மாற்றும்போது சத்தம் வந்தாலே, ஓட்டுபவர் யாராக இருந்தாலும், முகத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்ப்பார். நான் பட்டறையிலிருந்து வீடு திரும்புமுன் செய்தி எங்கள் வீட்டு அடுப்படிக்கு வந்துவிடும். சிறிய ஊரில் வாழ்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே சனிக்கிழமை காலை, யாருக்கும் தெரியாமல் ஈப்போவுக்கு ஓட்டினேன். கண்சிமிட்டும் விளக்கோடு 30 கிலோமீட்டர்! இதைச் செய்யாதீர்கள். நிலையாக எரியும் விளக்கு "நேரம் கிடைக்கும்போது பார்" என்கிறது. சிமிட்டும் விளக்கு "இப்போதே நிறுத்து" என்கிறது. ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் அப்படியே புகைக்குழாய்க்குப் போய், அங்கே புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் எரிகிறது என்று அர்த்தம். அது சூடேறி உருகினால் தனிச் செலவு. வழியில் அழுகிய முட்டை போல வாடை வந்தது. ஆற்றோர வாடை என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன்.

ஈப்போ பட்டறையில் காரின் கணினியைப் படிக்கும் பெரிய ஸ்கேனர் இருந்தது, குளிர்சாதன அறை இருந்தது, காப்பி இயந்திரம்கூட இருந்தது. இளைஞர் ஒருவர் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் பதினாறு ஊசித் துளையில் செருகினார். பி0302 என்ற கோளாறுக் குறியீடு வந்தது. கடைசி இலக்கம்தான் சிலிண்டரின் எண்: இரண்டாம் சிலிண்டர் சரியாக எரியவில்லை.

"ஏதாவது நடந்ததா?" என்று கேட்டார்.

"இல்லையே, போய்க்கொண்டிருந்தேன், திடீரென்று விளக்கு வந்தது" என்றேன்.

அந்த ஒரு வாக்கியத்தின் விலை 460 ரிங்கிட். ஸ்கேன் 40, நான்கு ஸ்பார்க் பிளக் 120, இரண்டாம் சிலிண்டரின் பிளக்குக்கு மின்சாரம் தரும் புதிய காயில் 150, காற்று நுழையும் திராட்டிலைக் கழுவிய கூலியும் பிற கூலியும் 150. அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. ஒன்றும் நடக்காத காரில் அந்தக் குறியீடு வந்தால் முதலில் பிளக்கையும் காயிலையும் சந்தேகிப்பது வழக்கம்தான். ஆனால் காயிலைப் பக்கத்து சிலிண்டரோடு மாற்றிப் போட்டுப் பார்க்கப் பத்து நிமிடம் ஆகும், செலவும் இல்லை. கோளாறு காயிலோடு நகர்ந்தால் காயில்தான் குற்றவாளி. நகராவிட்டால் வேறு எங்கோ. அதைச் செய்யாமலே 150 ரிங்கிட் பெட்டியைக் கிழித்தார். கிளம்புமுன் குறியீட்டையும் அழித்துவிட்டார். விளக்கு அணைந்தது. எனக்கும் நிம்மதி.

நிம்மதி வழியில் உள்ள தாசேக் வரை நீடித்தது. அங்கே மறுபடி சிமிட்டல். திரும்பிப் போனேன். "ஐம்பது கிலோமீட்டர் ஓடட்டும், கணினி பழகிக்கொள்ளும்" என்றார். கணினி பழகும், நடுக்கம் பழகுமா? அன்றிரவு காரை வீட்டுக்கு எதிரே மர நிழலில் நிறுத்தி, ஞாயிறு முழுக்க அதன் பக்கமே போகவில்லை.

திங்களன்று காப்புறுதி முகவரை அழைத்தேன், ஏதாவது கிடைக்குமா என்று. எஞ்சின் பழுது மோட்டார் காப்புறுதியில் வராது, விபத்து வேறு, பழுது வேறு என்றார். பிறகு சாதாரணமாக, "ஆனால் உங்கள் பாலிசியில் இழுவை லாரி இலவசம் ஆயிற்றே, ஈப்போவுக்கு ஏன் ஓட்டிக்கொண்டு போனீர்கள்?" என்று கேட்டார். ஒவ்வோர் ஆண்டும் பணம் கட்டுகிறேன், அந்தத் தாளை ஒருமுறைகூடப் படித்ததில்லை. உங்கள் பாலிசியிலும் இருக்கலாம். இன்றே எடுத்துப் பாருங்கள், அழைப்பு எண்ணைக் கைப்பேசியில் ஏற்றி வையுங்கள்.

இழுவை லாரி வந்தது. வேறு வழியின்றி சந்தைக்குப் பின்புறம் கொண்டுபோய் இறக்கச் சொன்னேன்.

அண்ணன் எதுவும் கேட்கவில்லை. ஸ்டார்ட் செய்து, ஒரு துணியைப் புகைக்குழாய் வாய்க்கு அருகே பிடித்தார். துணி சீராக வெளியே ஆடாமல் இடையிடையே ஒரு துடிப்பு விட்டது. பிறகு சின்ன ஸ்கேனரைச் செருகினார். மறுபடி பி0302. விளக்கு எரிந்த நொடியில் எத்தனை சுற்று, என்ன வேகம், எவ்வளவு சூடு என்பதையும் கணினி ஒரு படம் போலப் பிடித்து வைத்திருக்குமாம்; முதல் நாள் படம் இல்லை.

"யார் அழித்தது?" என்றார்.

ஈப்போ கதையைச் சொன்னேன். அழிப்பதற்கு முன் திரையைக் கைப்பேசியில் படம் எடுத்திருந்தால் போதுமாம். பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் இதே இழப்புதான். "விளக்கு போய்விட்டது" என்று மகிழும் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஈப்போவில் போட்ட புதுக் காயிலை மூன்றாம் சிலிண்டருக்கு மாற்றி ஓட விட்டார். குறியீடு இரண்டிலேயே உட்கார்ந்திருந்தது. எஞ்சினை அணைத்து, கையைத் துடைத்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார்.

"தம்பி, கியர் தவறியதா?"

அதற்குமேல் பொய் வரவில்லை. லாரி, வளைவு, இரண்டாம் கியர் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "இதை முதலிலேயே சொன்னால் நான் ஸ்கேனரைத் தேட மாட்டேன், கம்ப்ரெஷன் மீட்டரைத் தேடுவேன்" என்றார். சுற்றின் அளவு மீறியதற்கென்றே பி0219 என்று ஒரு குறியீடு இருக்கிறதாம். எல்லாக் காரும் அதைப் பதிவதில்லை, என் கார் பதியவில்லை. எனவே கணினி சொல்லாததை ஓட்டியவர்தான் சொல்ல வேண்டும்.

பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு துளையிலும் சிலிண்டரின் அழுத்தத்தைக் காட்டும் அந்த மீட்டரைத் திருகினார். ஒன்று: 175. இரண்டு: 90. மூன்று: 180. நான்கு: 175. இரண்டாம் துளையில் சிறிது எண்ணெய் விட்டு மறுபடி பார்த்தார், 95-ஐத் தாண்டவில்லை. பிஸ்டன் வளையம் தேய்ந்திருந்தால் எண்ணெய் இடைவெளியை அடைத்து அழுத்தம் ஏறியிருக்குமாம். ஏறாததால் வால்வைப் பார்க்க வேண்டும்.

அடுத்து அவர் செய்ததை நான் மறக்க மாட்டேன். இரண்டாம் பிஸ்டனை அதன் உச்சிக்குக் கொண்டுவந்து, பிளக் துளை வழியாகக் காற்றுக் குழாயைப் பொருத்தினார். "பின்னால் போய்ப் புகைக்குழாயில் உள்ளங்கையை வையுங்கள்" என்றார். எஞ்சின் அணைந்திருந்தது, சாவி அவர் பையில் இருந்தது. காற்றைத் திறந்தார். என் உள்ளங்கையில், தூங்குபவரின் மூச்சு போல, மெல்லிய காற்று வந்து பட்டது. நிற்கவே இல்லை. எண்ணெய் ஊற்றும் வாயில் வந்தால் வளையம், ரேடியேட்டரில் குமிழ் வந்தால் சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் அடைப்பாக இருக்கும் கேஸ்கட், முன்னால் காற்று இழுக்கும் பக்கம் வந்தால் உள்வால்வு. பின்னால் வந்ததால் வெளிவால்வு. அத்தனை சுற்றில் ஸ்பிரிங்கால் வால்வைச் சரியான நேரத்துக்குள் மேலே இழுக்க முடியாமல், ஏறிவந்த பிஸ்டன் அதைத் தட்டிவிட்டிருக்கிறது.

எஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டைக் கழற்றியது அரை நாள் வேலை. வளைந்த வால்வு ஒன்றே ஒன்று. பிஸ்டன் தலையில் பிறைநிலா போல ஒரு தடம், நகத்தால் தடவினால் தெரியும் அளவு, ஆபத்தில்லை என்றார். ஆனால் ஹெட்டை ஈப்போவில் கடைசல் பட்டறைக்கு அனுப்பியபோது சீனப் புத்தாண்டுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. அவர்கள் வாங்கி வைத்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார்கள். பத்து நாள். பெருநாள் காலத்தில் காரை உடைக்காதீர்கள் என்று சொன்னால் கேலியாக இருக்கும், ஆனால் சொல்கிறேன்.

அந்தப் பத்து நாளும் அப்பாவின் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போனேன். "கார் எங்கே?" என்றார். "சர்வீஸ்" என்றேன். பத்து நாள் சர்வீஸ்! அப்பா ஒன்றும் சொல்லவில்லை, செய்தித்தாளைப் புரட்டினார்.

கேஸ்கட் வாங்க பஸ்ஸில் ஈப்போ போனது இன்னொரு வீண் பயணம். மேடான் கிட்டில் இறங்கி வெயிலில் நடந்து, காரின் பெயரையும் ஆண்டையும் சொல்லி வாங்கி வந்தேன். பொருந்தவில்லை. அதே பெயரில், அதே ஆண்டில் இரண்டு எஞ்சின் இருக்கிறது. மறுநாள் கார் கிராண்டின், அதாவது பதிவுச் சான்றின், படத்தைக் காட்டினேன். கடைக்காரர் எஞ்சின் எண்ணைப் பார்த்து அரை நிமிடத்தில் சரியானதை எடுத்துக் கொடுத்தார். ஹெட் போல்ட்டும் புதிதாக வாங்கச் சொல்லியிருந்தார் அண்ணன். ஒருமுறை முறுக்கி நீண்ட போல்ட் மறுமுறை அதே பிடி பிடிக்காதாம். அந்த 95 ரிங்கிட்டில் பேரம் பேசாதீர்கள்.

கணக்கு: சோதனைகளுக்கு 100, கேஸ்கட் செட் 280, போல்ட் 95, கடைசல் 450, வால்வு 60, எண்ணெய், குளிர்நீர் வகைக்கு 190, கூலி 750. ஆக 1,925. பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். வால்வு இப்போது என் மேசையில் கிடக்கிறது. உருட்டினால் தலை மட்டும் கொஞ்சம் தள்ளாடுகிறது, கண்ணால் பார்த்தால் நேராகத்தான் தெரிகிறது.

கன்வெர்ட்டர் தப்பியதா என்பதுதான் கடைசிக் கவலை. புதிது வாங்கினால் செய்த வேலையைவிட அதிகம் ஆகும் என்று அண்ணன் பயமுறுத்தியிருந்தார். குறியீட்டை அழித்த உடனே தெரியாது. கணினி தன் சோதனைகளை முடிக்கச் சில நாள் பலவித வேகத்தில் ஓட்ட வேண்டும். 400 கிலோமீட்டர் கழித்து மறுபடி செருகினோம். சோதனைகள் முடிந்திருந்தன, கன்வெர்ட்டர் கோளாறைச் சொல்லும் பி0420 இல்லை. பட்டறைக்கு எதிர் ஒட்டுக்கடையில் இருவருக்கும் தே தாரிக் வாங்கினேன். அவர் அப்பாவிடம் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

அப்பாவுக்கு வேறு வழியில் தெரிந்துவிட்டது. போன ஞாயிறு என் மேசையில் வால்வைப் பார்த்தார். எடுத்தார், மேசையில் உருட்டினார், வைத்தார். வெளியே போய்க் காரில் உட்கார்ந்து, எஞ்சினைப் போட்டு, கியர்க் கம்பியை இரு விரலால் ஆட்டிக்கொண்டிருந்தார். பெட்ரோலைச் சற்று மிதித்து விட்டால் கம்பி ஒரு விரல்கடை முன்னும் பின்னும் துள்ளியது.

"எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங் செத்துவிட்டது. எஞ்சின் குலுங்கும்போது கம்பியும் சேர்ந்து அலைகிறது. நீ பாதி, இது பாதி" என்றார். பிறகு, ஐந்திலிருந்து நான்கிற்கு இறக்கும்போது விரல்களால் பிடித்து இழுக்காதே, உள்ளங்கையை உன் பக்கம் திருப்பி நேராகத் தட்டு, கம்பி தானாக நடுவுக்கு வரும் என்று செய்து காட்டினார்.

நாளைக் காலை மவுண்டிங் மாற்றப் போகிறோம். பட்டறைவரை அவர்தான் ஓட்டுவாராம்.