பழைய 800-இல் எர்த் தேடும் படலம்

8 ஜூன் 2024, சனி

அப்பாவின் மாருதி 800. 1997 மாடல், கார்புரேட்டர் வண்டி. தூத்துக்குடி உப்புக்காற்றில் இத்தனை வருஷம் நின்றும் எஞ்சின் சொன்ன பேச்சு கேட்கிறது. கரண்ட்தான் தகராறு. காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் (எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் மோட்டார்) இழுத்து இழுத்துச் சுற்றுகிறது. ராத்திரி ஹெட்லைட் போட்டால் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது, அணைத்தால் இறங்குகிறது. தண்ணீர் சூடாவதும் ஆறுவதும் சுவிட்சைக் கேட்டுக்கொண்டா நடக்கும்? இடது பிரேக் லைட் வேறு மங்கல். பிரேக்கை மிதித்தால் அந்தப் பக்க இண்டிகேட்டரும் கூடவே லேசாக எரிகிறது.

பேட்டரி போன தீபாவளிக்கு மாற்றியதுதான். வயரிங் கடை அண்ணாச்சி போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "செல்ஃப் போயிருக்கும் சார், கழத்திக் கொண்டாங்க." எனக்கு எர்த் மேல்தான், அதாவது கரண்ட் பாடி, எஞ்சின் உலோகம் வழியாக பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பின் மேல்தான், சந்தேகம். செல்ஃப், மீட்டர், லைட் என்று ஆளுக்கொரு பக்கம் கோளாறு காட்டினால், எல்லாக் கரண்டும் பேட்டரிக்குத் திரும்பி வரும் வழியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

9 ஜூன், ஞாயிறு

பேட்டரி 12.5 வோல்ட். குறை சொல்ல ஒன்றுமில்லை. நெகட்டிவிலிருந்து இரண்டு ஒயர் போகிறது: தடித்தது கியர்பாக்ஸுக்கு (செல்ஃபின் கரண்ட் திரும்பும் வழி), சின்னது பாடிக்கு. தடித்த ஒயரை மல்டிமீட்டரில் ஓம்ஸ் (மின்தடை) வைத்துப் பார்த்தேன். மீட்டரின் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டால் என்ன காட்டுமோ அதையேதான் காட்டியது. இதை வைத்து ஒயர் நல்லது என்று முடிவு கட்டக்கூடாது. மீட்டர் அனுப்புவது துளிக் கரண்ட். உள்ளே நாலைந்து இழை மிஞ்சியிருந்தாலும் அதற்குப் போதும். செல்ஃபுக்கு நூறு ஆம்பியருக்கு மேல் வேண்டும்.

அதனால் சுமை ஏற்றித்தான் பார்க்க வேண்டும். எஞ்சின் ஸ்டார்ட் ஆகாமல் சுற்ற மட்டும் செய்யட்டும் என்று இக்னிஷன் காயிலுக்கு வரும் ஒயரைக் கழற்றினேன். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனை பேட்டரியின் நெகட்டிவ் முளையில் (கிளாம்ப்பில் வைத்தால் அந்த இணைப்பின் கோளாறு தெரியாமல் போகும்), சிவப்பு முனை கியர்பாக்ஸின் வெறும் உலோகத்தில். அப்பா சாவியைத் திருப்பினார்.

1.9 வோல்ட்!

அந்த வழியில் வீணாவது அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பாசிட்டிவ் பக்கம் பேட்டரி முளையிலிருந்து செல்ஃப் வரை இதே மாதிரி அளந்தால் 0.2தான். ஜம்பர் கேபிள் ஒன்றை நெகட்டிவிலிருந்து நேராக கியர்பாக்ஸ் போல்ட்டுக்குப் போட்டதும் செல்ஃப் விர்ரென்று சுற்றியது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு தடவை திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

ஜம்பரை எடுத்துவிட்டு மறுபடி சுற்றவிட்டபோது சோக் கேபிளை (குளிரில் ஸ்டார்ட் பண்ண இழுக்கும் கம்பி) தொட்டேன். சூடு! கியர்பாக்ஸ் வழி அடைபட்டதால் செல்ஃபின் கரண்ட் சோக் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாக பாடிக்கு வந்து, அந்தச் சின்ன ஒயரில் பேட்டரிக்குப் போகிறது. உறையின் பிளாஸ்டிக் ஓரிடத்தில் இளகிப் பளபளப்பாகிவிட்டது. சோக் கொஞ்ச நாளாக இறுக்கமாக இருந்ததற்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தோம்.

முள் ஏறுவதும் இதில் வந்துவிடுகிறது. சூட்டை அளக்கும் சென்சாருக்கு எஞ்சின்தான் எர்த். ஹெட்லைட் போட்டால் ஆல்டர்னேட்டருக்கு (எங்கள் ஊரில் இன்னும் டைனமோதான்) சுமை கூடும். அந்தக் கரண்ட் திரும்பும் வழி மோசமாக இருந்தால் எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே வோல்ட் வித்தியாசம் வந்து, டெம்பரேச்சர் மீட்டர் அதையும் சூடு என்று கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. ஹெட்லைட் போட்டபடி ஆல்டர்னேட்டரிலேயே அளந்தால் 14.2, பேட்டரியில் 13.1. புதுப் பேட்டரி அரைப்பட்டினியாகவே இருந்திருக்கிறது.

12 ஜூன், புதன்

சாயங்காலம் டெயில் லைட். பிரேக் பல்பின் எர்த் விட்டுப்போனால் கரண்ட் பக்கத்து இண்டிகேட்டர் பல்பு வழியாக முன்பக்க இண்டிகேட்டர் வரை போய் அங்கே எர்த் தேடும். இரண்டும் மங்கலாக எரிவது அதனால்தான். டிக்கிக்குள் இடது மூலையில் கறுப்பு எர்த் ஒயரின் திருகைக் கண்டுபிடித்தேன். முன்பு டிங்கரிங் பண்ணி பெயின்ட் அடித்தவர்கள் தகரத்தின் மேல் அடித்து, அதன் மேலேயே லக்கை (ஒயர் முனையில் இருக்கும் உலோக வளையம்) வைத்து முறுக்கியிருக்கிறார்கள். அடியில் துரு, மேலே அழகான வெள்ளை. உப்புத்தாளால் பத்து ரூபாய் காசு அளவுக்குத் தகரம் தெரியத் தேய்த்து, பல் வாஷர் போட்டு முறுக்கினேன். பிரேக் லைட் பளிச்.

15 ஜூன், சனி

பழைய கியர்பாக்ஸ் ஒயரைக் கழற்றினேன். முதலில் பேட்டரி நெகட்டிவ்தான் கழற்ற வேண்டும். பாசிட்டிவில் ஆரம்பித்து ஸ்பேனர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். உறையைக் கத்தியால் கீறிப் பார்த்தால் லக்கிலிருந்து விரல் நீளத்துக்குச் செம்பு பச்சைப் பொடியாக உதிர்கிறது. வெளியே பார்க்க ராஜா மாதிரி இருந்த ஒயர்.

25 ஸ்கொயர் எம்.எம். வெல்டிங் கேபிள் வாங்கி, கடையிலேயே இரண்டு பக்கமும் லக் போட்டு அழுத்தி வாங்கினேன். அண்ணாச்சி தானே வந்து எட்டிப் பார்த்து, "இம்புட்டுத் தடி எதுக்கு சார்?" என்றார். பழைய ஒயரைக் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இன்னொரு 800-இல் போன மாதம் செல்ஃப் மாற்றியும் சரியாகவில்லை என்றார்.

17 ஜூன், திங்கள்

பக்ரீத் விடுமுறை. இறுக்கும் இடங்களைத் தேய்த்து, ஒயரை மாட்டி, முறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவினேன். செல்ஃப் சுற்றும்போது எர்த்தில் இப்போது 0.15 வோல்ட். ஹெட்லைட் போட்டு பேட்டரியில் 14.0. முள் அசையவில்லை.

சோக் கேபிள் பாதியில் சிக்குகிறது. புதுசு வாங்க வேண்டும்.