அக்கி ஊசியும் டி பாக்கெட்டும்

பாளையங்கோட்டை அத்தைக்கு அக்கி தடுப்பூசி போடலாமா என்று ஒரு வாரமாக வீட்டில் பேச்சு. "புது ஊசியாம்லா, எனக்குப் பயமா இருக்கு" என்கிறார். ஷிங்க்ரிக்ஸ் என்ற அந்த ஊசி இந்தியாவுக்கு வந்தது 2023-இல், சரி. அமெரிக்காவில் 2017-லேயே அனுமதி கொடுத்துவிட்டார்கள். இரண்டு டோஸ். கைவலி, காய்ச்சல், அசதி ஓரிரு நாள் படுத்தும். விலையும் அதிகம்தான். ஆனால் கொப்புளம் ஆறிய பிறகும் மாதக்கணக்கில் எரியும் அந்த நரம்பு வலியைப் பார்த்தவர்கள் ஊசி போட யோசிக்க மாட்டார்கள். (காவியில் அக்கி எழுதினால் அது போகாது அண்ணாச்சி.)

இதே அத்தைதான் வைட்டமின் டி 60,000 யூனிட் பாக்கெட்டை தினமும் ராத்திரி பாலில் கலக்கிக் குடிக்கிறார்! டாக்டர் எழுதிக்கொடுத்தது வாரத்துக்கு ஒன்று, எட்டு வாரம். "சத்துதானல, கூடினா என்ன?" டி கொழுப்பில் கரைவது. மிஞ்சியது லேசில் வெளியேறாது, உடம்பிலேயே தங்கும். ரத்தத்தில் கால்சியம் ஏறும். வாந்தி, மலச்சிக்கல், அப்புறம் சிறுநீரகத்திலேயே கைவைக்கும். முடிக்கு என்று விழுங்கும் பயோட்டின் என்ற வைட்டமின்கூட தைராய்டு டெஸ்ட் முடிவைத் தப்பாகக் காட்டிவிடும். டாக்டரிடம் இதையெல்லாம் யார் சொல்கிறார்கள்?

சனிக்கிழமை கால்சியம் டெஸ்டுக்கு அழைத்துப்போகிறேன். மீதி பாக்கெட் இப்போது என் பீரோவில். ஊசி பேச்சு அதற்கப்புறம்.