பெல்சோனியின் உருளையும் பெட்ரியின் அட்டையும்

செட்டிநாட்டு வீட்டின் வளவை, அதாவது உள்முற்றத்தை, சுற்றியுள்ள இரட்டை அறைகளில் ஒன்றைத் திறந்து சாமான்களை இறக்கினால், முதலில் நடப்பது பிரிக்கிற வேலைதான். பித்தளை ஒரு குவியல், செம்பு ஒரு குவியல், மங்குச் சாமான் ஒரு பக்கம், மரச்சாமான் இன்னொரு பக்கம். எடை போட்டு விலை பேச அதுதான் வசதி. ஆனால் எது எதோடு இருந்தது என்பது அந்த அரை மணி நேரத்தில் அழிந்துபோகிறது. அது ஒரு புள்ளியின் (கல்யாணமான ஒரு குடும்பத்தின்) அறை, ஒரு கல்யாணத்தில் வந்த சீர், ஒரு தலைமுறையின் புழக்கம். பிரித்த பிறகு அது வெறும் உலோகம்.

எகிப்திலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரும்பகுதி இப்படித்தான் கழிந்தது. 1798இல் நெப்போலியன் படையோடு போன அறிஞர்கள், 1799இல் கிடைத்த ரொசெட்டா கல், 1822இல் ஷாம்போலியன் பழைய எகிப்திய எழுத்தைப் படித்தது எல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதிகம் பேசப்படாதது, சாமான்களை எப்படி எடுத்தார்கள் என்பது.

1816இல் இத்தாலிக்காரர் பெல்சோனி பழைய நகரமான தீபஸில் இருந்த, அரசர் இரண்டாம் ராம்சேஸின் கல் தலையை நைல் கரைக்கு நகர்த்தினார். எடை 7 டன்னுக்கு மேல். கையில் இருந்தது 14 கம்பு, ஓலையில் திரித்த 4 கயிறு, 4 உருளை. கப்பி கிடையாது. 8 கம்பைக் கட்டி வண்டி மாதிரி ஒரு சட்டம். மிச்சக் கம்புகளால் தலையை நெம்பித் தூக்கி அடியில் சட்டத்தைச் செருகினார்கள். பிறகு முன்பக்கம் தூக்கி ஓர் உருளை, பின்பக்கம் தூக்கி இன்னொன்று. இழுக்க இழுக்கப் பின்னால் விடுபடும் உருளையை எடுத்து முன்னால் போட வேண்டும். பர்மாத் தேக்கு உத்தரம் ஏற்றிய நம் ஊர்க்காரர்களுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. கெட்ட சேதி வேறு: வழிவிடவில்லை என்று, தலை கிடந்த கோயிலின் இரண்டு தூண்களின் அடிப்பீடத்தை உடைத்துவிட்டார்கள். தலை இன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. பெல்சோனியைக் கொள்ளைக்காரர் என்று மட்டும் சொல்வது நியாயமில்லை. 1817இல் தான் திறந்த, அரசர் முதலாம் சேத்தியின் கல்லறைச் சுவர்களைப் படம் வரைந்து வைத்தவரும் அவர்தான். ஆனால் உடைந்த பானை அவர் கணக்கில் வரவே இல்லை.

அதைக் கணக்கில் கொண்டுவந்தவர் ஆங்கிலேயத் தொல்லியலாளர் பிளிண்டர்ஸ் பெட்ரி. 1880இல் கீசா பிரமிடை அளக்கத்தான் எகிப்துக்குப் போனார். தோண்டத் தொடங்கியதும் ஒரு வழக்கம் வைத்தார்: வேலையாள் எடுத்துத் தரும் பொருளுக்குக் கூலி போக, சந்தை விலையை ஒட்டி ஒரு தொகை. கொடுக்காவிட்டால் பொருள் இரவோடு இரவாக வியாபாரி கைக்குப் போகும், கிடைத்த இடமும் அதோடு போகும் என்பது அவர் கணக்கு.

1894-95இல் நகாடா என்ற ஊரில் ஆயிரக்கணக்கான புதைகுழிகள். ஒன்றிலும் எழுத்து இல்லை, ராஜா பேர் இல்லை. தனித்தனிக் குழிகள் என்பதால் எது மேலே, எது கீழே என்று மண்ணடுக்கைப் பார்த்துச் சொல்லவும் வழியில்லை. முதலில் பெட்ரி தவறினார். வெளியிலிருந்து வந்த ஒரு ‘புதிய இனம்’ என்று எழுதிவிட்டார். இவை பாரோக்கள் என்ற எகிப்து அரசர்களுக்கும் முந்திய குழிகள் என்று சரியாகச் சொன்னவர் பிரெஞ்சுக்காரர் டி மோர்கன். ஆனால் எது முன், எது பின் என்று வரிசைப்படுத்தும் வழியைக் கண்டவர் பெட்ரியே.

குழிக்கு ஓர் அட்டை. அட்டையில் 9 கட்டம்: வாய் கறுத்த சிவப்புப் பானை, மெருகிட்ட சிவப்பு, வெள்ளைக் கோடு போட்டது, படம் வரைந்தது, அலைபோல் நெளிந்த பிடி வைத்தது, சொரசொரப்பானது என்று பானை வகைக்கு ஒரு கட்டம். குழியில் என்ன வகை கிடைத்ததோ அதன் எண் அந்தக் கட்டத்தில். ஒன்றிரண்டு பானை மட்டும் இருந்த குழிகளைத் தள்ளிவிட்டு, பல வகை சேர்ந்து கிடைத்த சுமார் 900 குழிகளை மட்டும் எடுத்தார்.

நூல் பிடித்துக் கொடுத்தது நெளிபிடி ஜாடி. ஆரம்பத்தில் வயிறு பருத்து, கை பிடிக்கத் தோதாக நிஜமான பிடி இருக்கும். பிறகு ஜாடி ஒடுங்கும், பிடி சிறுக்கும். கடைசியில் நேர்க்குழல் ஜாடி. பிடி இருந்த இடத்தில் சும்மா ஒரு நெளிகோடு. உள்ளே இருந்ததும் கூடவே மாறியது. முதலில் வாசனைத் தைலக் கொழுப்பு, பிறகு மண்ணை நிரப்பி மேலே கொஞ்சம் கொழுப்பு, முடிவில் வெறும் மண். சீர்த்தட்டில் ஒப்புக்கு வைக்கிற பழக்கம் எல்லா ஊரிலும் உண்டு போலிருக்கிறது.

அந்த வரிசையில் அட்டைகளை அடுக்கினார். வெள்ளைக் கோட்டுப் பானை நெளிபிடியோடு சேர்ந்து வருவதில்லை, எனவே அது முந்திய முனைக்குப் போனது. மற்ற அட்டைகளை முன்னும் பின்னும் நகர்த்தி, ஒவ்வொரு வகையும் தலைகாட்டும் முதல் அட்டைக்கும் கடைசி அட்டைக்கும் இடைவெளி முடிந்தவரை குறுகும்படி செய்தார். பிறகு வரிசையைத் துண்டாக்கி 30 முதல் 80 வரை எண் கொடுத்தார். இன்னும் பழையது கிடைக்கலாம் என்று 1 முதல் 29 வரை காலியாக விட்டார். 1920களில் படாரி என்ற ஊரில் இன்னும் பழைய குழிகள் கிடைத்தபோது அந்தக் காலி எண்களில்தான் உட்கார்ந்தன. எனக்குப் பிரமிடைவிட இதுதான் பிரமிப்பு.

கோளாறுகளும் உண்டு. எண் என்பது வருஷம் அல்ல. 40க்கும் 50க்கும் இடையே எத்தனை ஆண்டு என்று அது சொல்லாது. திருடர் கலைத்த குழியின் அட்டை வரிசையையே கெடுக்கும். வடிவம் எப்போதும் தேய்ந்துகொண்டேதான் போகும் என்று நம்புவதும் ஆபத்து. 1957இல் கைசர் என்ற ஜெர்மானியர், குழிகள் இடுகாட்டில் எங்கெங்கே இருந்தன என்பதையும் சேர்த்துப் பார்த்து இந்த வரிசையைத் திருத்தினார்.

நம் அறைக்கு வருவோம். சாமானை இறக்குமுன் அறைக்கு ஒரு தாள். வீட்டின் எந்தக் கட்டு, எந்த அறை, எந்தத் தட்டு, எதற்குள் எது என்று எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் மையழியாத எண் எழுதிய துணிச்சீட்டைக் கட்டுங்கள்; பசைக்காகிதம் பித்தளையில் கறை விடும். பேர் வெட்டியிருந்தால் புளி போட்டுத் துலக்குவதற்கு முன் சாய்வெளிச்சத்தில் படம் எடுங்கள். ஜாடியின் அடியில் உறைந்து கிடப்பதைக் கழுவிவிடாதீர்கள். நெளிபிடி ஜாடிகளை யாராவது கழுவியிருந்தால் தைலம் மண்ணான கதையே தெரிந்திருக்காது. காலம் குறிக்கும்போது அறையில் இருக்கும் மிகப் பழைய பொருளைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். அப்பத்தாவின் அண்டா பேத்தி சீரிலும் வரும். தேதி சொல்வது அங்கே இருக்கும் மிகப் புதிய சாமான்தான்; ஓர் எவர்சில்வர் தூக்கு கண்ணில் பட்டால், அந்த அறை கடைசியாகப் பூட்டப்பட்டது எவர்சில்வர் வந்த பிறகுதான்.

உடைசல் என்று ஒதுக்குவதையும் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். எகிப்தின் செங்கடல் கரையில் குசைர் அல்-காதிம் என்ற பழைய துறைமுகத்தில், ஒரு ஜாடி ஓட்டில் தமிழ்ப் பிராமி என்ற பழந்தமிழ் எழுத்து இருந்தது. கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் படித்தார்: ‘பானை ஒறி’. நம் அடுப்படி உத்தரத்தில் தொங்குமே, அந்த உறிதான்.