மஞ்சள் வெட்டும் அப்பாவின் ஞாபகமும்

2025 பிப்ரவரி 4, செவ்வாய்

ராத்திரி தம்பி பெங்களூரிலிருந்து கூப்பிட்டான். "அக்கா, அப்பாகிட்டருந்து கணக்கு நோட்டையும் பேங்க் புக்கையும் வாங்கி நீயே வச்சுக்க. அவருக்கு ஞாபகம் போயிட்டிருக்குது" என்றான். பொங்கலுக்கு வந்திருந்தபோது அப்பா அவன் மகளைக் கூப்பிட வாயெடுத்து, மற்றப் பேத்திகள் பெயரையெல்லாம் சொல்லித்தான் அவள் பெயருக்கு வந்தார். கண்ணாடியைத் தேடினார். சாப்பிடும்போது தம்பி சொன்ன ஒரு விலையைத் திரும்பவும் கேட்டார். இதையெல்லாம் கோத்து அவன் நோய்க்குப் பெயரே வைத்துவிட்டான்.

அப்பாவுக்கு 76. தம்பி பாசத்தில்தான் பயப்படுகிறான். ஆனால் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வயசு மறதியையும் நோய் மறதியையும் வார்டில் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். நோட்டை வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்பதை அவனுக்காக இங்கே எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

நாற்பதைத் தாண்டியபின் மூளையின் அளவு பத்தாண்டுக்கு ஏறக்குறைய 5 சதவீதம் சுருங்கும். எல்லா இடமும் ஒரே அளவில் சுருங்காது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளையும், புது விஷயங்களைப் பதிய வைக்கும் ஹிப்போகேம்பஸும்தான் அதிகம் சுருங்குகின்றன. தினமும் லட்சம் நரம்பணு செத்துப்போகிறது என்று ஒரு காலத்தில் எல்லோரும் சொல்வார்கள். பிறகு முறையாக எண்ணிப் பார்த்தவர்கள் அப்படியில்லை என்று கண்டார்கள். நோயில்லாத முதுமையில் அணுக்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. அவற்றுக்கிடையே உள்ள இணைப்புகள் குறைகின்றன, நரம்பிழையைச் சுற்றியிருக்கும் மயலின் என்ற கொழுப்புறை மெலிகிறது. அதனால் செய்தி போய்ச்சேர நேரம் பிடிக்கிறது. காளிங்கராயன் வாய்க்காலில் தண்ணி விட்டால் எங்கள் கடைமடைக்குக் கடைசியாகத்தான் வரும். அதற்காக வாய்க்கால் வறண்டுபோச்சு என்று யாரும் சொல்வதில்லை.

முதலில் தடுக்குவது ஆட்களின் பெயர்தான். மஞ்சள் என்றால் நிறம், மணம், கிழங்கு, விலை என்று எந்தப் பக்கமிருந்தும் அந்தச் சொல்லுக்குப் போய்ச் சேரலாம். ஒரு பேத்தியின் பெயருக்கு அப்படிப் பல வழி கிடையாது. பெயர் நுனிநாக்கில் நின்றுகொண்டு வராமல் இருப்பதை 1966-இல் ரோஜர் பிரவுன், டேவிட் மெக்நீல் என்ற இருவர் ஆராய்ந்து எழுதினார்கள். அவர்கள் சோதித்தது கிழவர்களை அல்ல, கல்லூரி மாணவர்களை. எந்த வயசிலும் வருவதுதான், வயசானால் அடிக்கடி வருகிறது. கொஞ்சம் பொறுத்தால் பெயர் தானே வந்துவிடும். அன்றைக்கு அப்பாவுக்கும் வந்தது. அதற்குள் எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்று மஞ்சள் வேக வைத்தோம். வாடகைக்கு வந்த பாய்லர் விடிகாலையிலேயே தோட்டத்துக்குள் நின்றது. ஆவி ஏறி, களம் முழுக்கப் பச்சை மஞ்சள் வாசம். பாய்லர்காரப் பையன், "ஆச்சுங்க, எறக்கீரலாமுங்களா?" என்றான். அப்பா ஒரு கிழங்கை எடுத்து ஊதி, பெருவிரலால் அமுக்கினார். தென்னங்குச்சியால் குத்தினார். குச்சி பாதியில் நின்றது. "இன்னுங் கொஞ்சம் பொறுங்க தம்பி" என்றார். மறுபடி குத்தியபோது குச்சி சிரமமில்லாமல் அந்தப் பக்கம் வந்தது. கிழங்கை ஒடித்து உள்ளே நடுவும் ஓரமும் ஒரே நிறமாக இருக்கிறதா என்று வெயிலில் திருப்பிப் பார்த்தபிறகுதான் தலையாட்டினார். வேக்காடு குறைந்தாலும் விலை போகாது, மிஞ்சினாலும் நிறம் கெட்டுப்போகும். அதற்கு நடுவில் இருக்கும் அந்தக் கணம் அவருடைய விரலுக்குத் தெரியும்.

முதுமை தொடாத ஞாபகம் இதுதான். கை பழகிய வேலை, பல வருஷம் சேர்த்த அறிவு, சொல்வளம் எல்லாம் அறுபது எழுபதிலும் உறுதியாக நிற்கும். 1956-இல் வார்னர் ஷாயி அமெரிக்காவின் சியாட்டிலில் தொடங்கிய ஆய்வு பல ஆயிரம் பேரைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தது. வேகம் முன்னாலேயே குறையத் தொடங்கிவிடும், சொல்லறிவு முதுமையிலும் வெகுநாள் தாக்குப்பிடிக்கும் என்று அது காட்டியது. "பொறுங்க தம்பி" என்ற குரலைக் கேட்டிருந்தால் என் தம்பி போனில் அப்படிப் பேசியிருக்க மாட்டான்.

பிப்ரவரி 11, தைப்பூசம்

பழனிக்கு நடக்கிறவர்களுக்கு மோர் ஊற்றினோம். ஆட்கூலி எண்ணிக்கொண்டிருந்த அப்பாவிடம் ஒருவர் வழி கேட்க, எண்ணிக்கை விட்டுப்போய் முதலிலிருந்து எண்ணினார். இரண்டு காரியத்தை ஒரே நேரத்தில் பார்ப்பது வயசானவர்களுக்குச் சிரமம். ஆள் போகட்டும் என்று நின்று, பிறகு எண்ணினார், கணக்கு சரியாக இருந்தது.

பிப்ரவரி 14, வெள்ளி

பக்கத்துத் தோட்டத்து ஆத்தாவைப் பார்த்துவிட்டு வந்தேன். மனசு கனத்துக் கிடக்கிறது. வாழ்நாள் முழுக்க அரிசிம்பருப்புச் சாதம் ஆக்கிப் போட்டவருக்கு இப்போது அரிசி முதலிலா பருப்பு முதலிலா என்று தெரியவில்லை. காலகாலமாக நடந்த இட்டேரியில், தோட்டங்களுக்கு நடுவே போகும் வேலிப்பாதையில், வழி தவறி நின்றவரை யாரோ கூட்டி வந்தார்கள். பணத்தைத் தானே ஒளித்து வைத்துவிட்டு மருமகள் எடுத்துக்கொண்டாள் என்கிறார். மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அது ஆத்தா பேசுவதில்லை கண்ணு, நோய் பேசுகிறது என்றேன். உடனே மருத்துவரிடம் கூட்டிப்போகச் சொன்னேன்.

தம்பிக்குச் சொல்ல வேண்டியது இங்கேதான் இருக்கிறது. சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது வயசு. சாவி எதற்கு என்றே தெரியாமல் கையில் வைத்துப் பார்ப்பது நோய். மறந்ததைப் பற்றி அப்பா தானே கவலைப்படுகிறார். ஆத்தாவுக்கு மறந்தது என்பதே தெரியவில்லை. இந்தியாவில் அறுபது தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா என்ற மறதி நோய் இருக்கிறது என்று 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. கிட்டத்தட்ட 88 லட்சம் பேர். சின்ன எண்ணிக்கை இல்லை, அவர்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் இந்த ஆத்தா வீட்டுப் பாடுதான். ஆனால் நூறில் தொண்ணூற்றிரண்டு பேருக்கு அது இல்லை. அவர்களையும் நோயாளியாகப் பார்த்தால் எப்படி?

பிப்ரவரி 18, செவ்வாய்

அப்பாவை ஈரோட்டில் நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். நோய் இல்லை என்று நானே முடிவு கட்டிவிடவும் கூடாதல்லவா. மருத்துவர் அவசரப்படவே இல்லை. சில வார்த்தைகளைச் சொல்லிக் கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார். கடிகாரம் வரைந்து முள் வைக்கச் சொன்னார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னபோது அப்பா மூட்டைக் கணக்குப் போடுவது மாதிரி கடகடவென்று இறங்கினார். வார்த்தைகளில் ஒன்று மட்டும் வரவில்லை. மருத்துவர் லேசாகத் தூண்டிவிட்டதும் அதுவும் வந்தது. பதிந்திருக்கிறது, எடுக்கத்தான் நேரமாகிறது என்றார். வயசுக்கேற்ற மறதிதான்.

அதைவிட முக்கியமாக இன்னும் சில வெளிவந்தன. காது மந்தம். மெல்லிய சத்தங்கள் அப்பாவுக்குச் சரியாகக் கேட்பதில்லை. காதில் விழாதது மூளையில் பதியாது. பொங்கலன்று விலையைத் திரும்பக் கேட்டதற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். டிமென்ஷியா அபாயத்தைக் கூட்டுகிற, நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களை 2024-இல் லான்செட் என்ற மருத்துவ இதழின் ஆணையம் வரிசைப்படுத்தியது. காதுக் குறையும் ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் அதில் உண்டு.

அரிப்புக்கு என்று மெடிக்கலில் கேட்டு வாங்கி ராத்திரி ராத்திரி அப்பா போட்டுக்கொண்டிருந்தது குளோர்பெனிரமின். ஞாபகத்துக்கு வேண்டிய அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தின் வேலையை அந்தப் பழைய வகை மாத்திரை தடுக்கும். பெரியவர்களுக்கு ஆகாது. உடனே நிறுத்தச் சொல்லிவிட்டார். பல வருஷமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுவதால் வைட்டமின் பி12 குறையலாம் என்று ரத்தம் எடுத்தார்கள். தைராய்டும் பார்க்கிறார்கள். எந்தக் கிழவரை மறதி என்று சொல்வதற்கு முன்னாலும் அவர் காதையும் மாத்திரைப் பெட்டியையும் பார்த்துவிடுங்கள். கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

பிப்ரவரி 22, சனி

பி12 குறைவுதான். ஊசி ஆரம்பித்தாயிற்று. தைராய்டு சரியாக இருக்கிறது.

மார்ச் 1, சனி

ஊரில் வள்ளி கும்மிப் பயிற்சி நடக்கிறது. நானும் சேர்ந்திருக்கிறேன். ஆசிரியர் பாட, நாங்கள் பின்பாட்டுப் பாடி, காலும் கையும் ஒன்றாகப் போக வேண்டும். என்னோடு ஆடும் சின்னப் பிள்ளைகள் அடவை உடனே பிடித்துக்கொள்கிறார்கள். எனக்கு நாளாகிறது. பிடித்தபிறகு என் காலிலும் அது அவர்களுக்குப் போலவே நிற்கிறது. வயசானால் புதுசாக எதுவும் ஏறாது என்பது உண்மை இல்லை.

2003-இல் நியூயார்க்கில் 75 வயசு தாண்டிய 469 பேரைப் பின்தொடர்ந்த ஒரு ஆய்வு வந்தது. உடலுழைப்பு வகைகளில் நடனம் ஒன்றுதான் டிமென்ஷியா குறைவோடு சேர்ந்து வந்தது. நடனம்தான் காரணம் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. உடம்பும் மனசும் நன்றாக இருப்பவர்களே ஆட வருவார்கள் என்பதும் உண்டு. நடைக்கு இன்னும் வலுவான ஆதாரம் இருக்கிறது. 2011-இல் 120 பெரியவர்களை வைத்துச் சோதித்தார்கள். ஒரு வருஷம் வேக நடை நடந்தவர்களின் ஹிப்போகேம்பஸ் சுமார் 2 சதவீதம் வளர்ந்தது. தசைநீட்சிப் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குச் சுருங்கியது.

அப்பா திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு பாட்டில் நாங்கள் அடி விட்டுவிட, அவர் அங்கிருந்தே எடுத்துக் கொடுத்தார். சின்ன வயசில் கேட்டதாம். பத்து வயசிலிருந்து முப்பதுக்குள் நடந்தவைதான் பெரியவர்கள் நினைவில் அதிகம் தங்குகின்றன. நாளையிலிருந்து வாய்க்கால் கரையில் என்னோடு நடக்க வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

மார்ச் 5, புதன்

தம்பி வந்திருக்கிறான். டாக்டர் எழுதியதைப் படித்தான், மேலே இருப்பதையும் படித்தான். "அப்ப நான் என்னக்கா பண்ணோணும்?" என்றான். அப்பாவின் எதிரில் உட்கார்ந்து, முகம் பார்த்து நிதானமாகப் பேசு, அவர் தேடும் வார்த்தையை நீ எடுத்துக் கொடுக்காதே, காது மிஷினுக்கு நீயே கூட்டிப்போ என்றேன். ஆறு மாசம் கழித்து மருத்துவர் மறுபடி பார்க்க வேண்டும் என்றிருக்கிறார், அதற்கும் அவன்தான் வருகிறான்.

வாரக் கடைசியில் காய்ந்த மஞ்சளுக்குப் பாலீஷ் போட ஆள் வருகிறது. விரலி தனியாகவும் கிழங்கு தனியாகவும் பிரித்து மூட்டை கட்டியபிறகு விற்பனைக்கூடத்துக்கு ஏற்றுவோம். ஏலத்துக்கு அப்பாவே போகிறார். வண்டி ஓட்டுவது தம்பி. எழுதுவது அப்பாவின் நோட்டில்தான்.