விடிய விடியக் கூத்து, 16 ஜிபி பென்டிரைவ்

பென்னாகரம் பக்கம் எங்கள் ஊரில் பாரதக் கூத்து. இரவு பத்து மணிக்குத் தொடங்கினால் முடிய காலை ஆறாகும். கேமராவை 24 எம்பிபிஎஸ்ஸில் (நொடிக்கு 24 மெகாபிட்) வைத்து முழுசையும் பிடித்தேன். மணிக்கு 10.8 ஜிபி, மொத்தம் 86. பெரியப்பா ஒரு 16 ஜிபி பென்டிரைவை நீட்டினார். "இதுல போட்டுக் குடுடா, டிவில பாக்கணும்."

வீடியோ 4 எம்பிபிஎஸ், ஆடியோ 128 கேபிபிஎஸ் என்று வைத்தால் 15 ஜிபிக்குள் அடங்கும். அவர் டிவி ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவை மட்டும் படிக்கும், அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. ஆகவே இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு ஃபைல்.

நள்ளிரவில் கட்டியங்காரன் வரும் இரண்டு நிமிடத் துண்டை வைத்துச் சோதித்தேன். முதலில் வீடியோவைச் சுருக்கும் எக்ஸ்264, எக்ஸ்265, எஸ்விடி-ஏவி1 என்ற மூன்று என்கோடர்களையும் அதனதன் இயல்பு சிஆர்எஃப்பிலேயே (தரத்தைக் குறிக்கும் எண்: 23, 28, 35) ஓட்டினேன். முதலாவது 190 எம்பி, மற்ற இரண்டும் 50-க்குள். "அடேங்கப்பா" என்று குதித்தது மடத்தனம். அந்த எண்கள் ஒரே அளவுகோல் இல்லை. படியையும் லிட்டரையும் ஒப்பிட்ட கதை. ஏவி1-இன் பழைய வெர்ஷனையும் புதியதையும் ஒரே பிரீசெட் 6-இல் (வேகத்தைக் குறிக்கும் அமைப்பு) ஓட்டியபோதும் இதேதான், நேரமும் அளவும் ஒத்துப்போகவில்லை.

பிறகு மூன்றையும் 60 எம்பிக்கு வருமாறு சிஆர்எஃப்பை மாற்றி மாற்றிப் பார்த்தேன். அப்போதுதான் வித்தியாசம் கண்ணில் பட்டது. எக்ஸ்264-இல் பின்னாலுள்ள இருட்டு கட்டம் கட்டமாக உடைந்தது. எக்ஸ்265-இல் இருட்டு சுத்தம், ஆனால் அரிதாரம் மெழுகு பூசியதுபோல் வழவழத்தது, புஜக்கட்டையில் ஒட்டிய கண்ணாடிச் சில்லுகள் மின்னவே இல்லை. படத்தை வழவழப்பாக்கும் எஸ்ஏஓ என்ற வடிகட்டியை அணைத்ததும் பாதி மினுக்கம் திரும்பியது.

உண்மையான எதிரி கோடெக் (சுருக்கும் முறை) அல்ல, புள்ளிப்புள்ளியாகத் துடிக்கும் நாய்ஸ். வெளிச்சம் போதாமல் கேமரா கெயினை (சிக்னல் பெருக்கத்தை) ஏற்றிவிடுகிறது. ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறும் அந்தப் புள்ளிகளை முன் ஃபிரேமிலிருந்து ஊகிக்க எந்த என்கோடராலும் முடியாது, பிட்டெல்லாம் அங்கேதான் கரைகிறது. ஏவி1-இல் ஃபிலிம் கிரெயின் வசதி இதற்கு நல்ல தந்திரம்: நாய்ஸை நீக்கிச் சுருக்கிவிட்டு, ஓட்டும்போது அதேபோன்ற புள்ளிகளைப் புதிதாகத் தூவுகிறது. என் கண்ணுக்கு அதுதான் முதலிடம். மூலத்தோடு ஒப்பிட்டுத் தரத்தை அளக்கும் விமாஃப் மதிப்பெண்ணோ குறைந்தது. தூவிய புள்ளி மூலத்தின் புள்ளியோடு பொருந்தாதே! இந்த இடத்தில் நான் கண்ணைத்தான் நம்பினேன்.

ஆனால் பெரியப்பா டிவிக்கு ஏவி1 தெரியாது. எக்ஸ்265 10 பிட் நிற ஆழத்தில் கொடுத்தால் சத்தம் மட்டும் வந்தது, 8 பிட் ஓடியது. கடைசியில் நாய்ஸைக் குறைக்கும் மெல்லிய ஹெச்கியூடிஎன்3டி ஃபில்டர், எக்ஸ்265, ஸ்லோ பிரீசெட், எஸ்ஏஓ இல்லாமல், சிஆர்எஃப் 25. என் லேப்டாப்புக்கு இரண்டு இரவு பிடித்தது, நடுவில் ஒரு முறை கரண்டும் போனது.

முதல் மூன்று ஃபைலும் 3.6 ஜிபி பக்கம். நான்காவது 2.7 தான். அதே சிஆர்எஃப், அதே ஆட்டம். கடைசிப் பகுதியில் பொழுது விடிந்துவிட்டிருந்தது.